கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

வார்கெத்திலியில், எங்கள் ஒன்பது மாடிக்குக் கீழே,
காரை விற்று மாவு வாங்கியபின் காலியான கொட்டகையில்
நுக்ஸார் வீடியோ கடை வைத்தான்.
நாள் வாடகை கிடையாது அவனிடம்.
மின்சாரம் இருந்த மணிகளை மட்டும் எண்ணுவான்.
"நேற்று உங்கள் பக்கம் இரண்டரை மணிதானே"
என்பான், நோட்டைப் பார்க்காமலே.

எல்லாப் படத்துக்கும் ஒரே குரல்.
மாஸ்கோவில் எங்கோ மூக்கடைத்த ஒரு மனிதன்
காதலிக்கும் கொலைகாரனுக்கும் கைக்குழந்தைக்கும்
அவனே பேசினான்.
ஒரு முத்தத்தின் நடுவே தும்மியும் விட்டான்.

நூற்றுப் பதினேழாம் கேசட்:
ஒரு சர்க்கஸ் கூடாரம், ஏழு பேர், ஒரு பிணம்.
துப்பறிகிறவர் எல்லோரையும் உட்காரவைத்து
"கொன்றது யாரென்றால்..." என்று விரலை நீட்டுவார்.
திரை ஒருமுறை வெட்டி இழுக்கும்.
பிறகு ஒரு சாப்பாட்டு மேசை.
வால்நட் உடைக்கும் கைகள். ஆறு மெழுகுவர்த்தி.
முன்பல் விழுந்த ஒரு சிறுமி ஊதுகிறாள்,
அணையவில்லை,
கன்னம் உப்ப மறுபடி ஊதுகிறாள்.
பன்னிரண்டு நிமிடம். அப்புறம் வெறும் கோடுகள்.

சண்டைக்குப் போனேன்.
"எல்லோரும் கத்துகிறார்கள்" என்றான் நுக்ஸார்,
"கத்திவிட்டு
இன்னொரு தடவை எடுத்துப் போகிறார்கள்."
யார் வீட்டுப் பிள்ளையென்று அவனுக்கும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க
எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி விசாரணை.
மூன்றாம் மாடி லாமாரா கோமாளியைப் பிடித்தாள்.
பல் டாக்டர் ஓத்தாருக்கு டிக்கெட் கிழிப்பவள் மேல் கண்.
என் தம்பி மட்டும்
சிறுமிக்குப் பின்னால், கதவோரம்,
கேக் வேண்டாமென்று கையாட்டிய
நீலச் சட்டைக்காரன்தான் என்றான்.

ஒரு ராத்திரி அவள் ஊதிய அதே நொடியில்
கரண்ட் போயிற்று.
இருட்டில் பதினோரு பேர் சிரித்தோம்,
லாமாராவுக்கு விக்கல் எடுக்கும்வரை.
கேசட் மூன்று நாள் இயந்திரத்துக்குள்ளேயே கிடந்தது.
நுக்ஸார் ஒரு காசு கேட்கவில்லை.

போன மாதம் அந்தப் படம் கைப்பேசியில் கிடைத்தது.
துல்லியமான திரை, ஆளுக்கொரு குரல்.
முத்தத்தில் தும்மல் இல்லை.
விரல் நீண்டது: கயிற்றில் நடப்பவள்.
நாங்கள் ஒருவர்கூடச் சந்தேகிக்காதவள்.

தம்பி இப்போது போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
அழைத்துச் சொன்னேன்.
மறுமுனையில் மழையைத் துடைக்கும் சத்தம் கொஞ்ச நேரம்.
பிறகு கேட்டான்:
"சரி, அப்போ அந்த நீலச் சட்டை
ஏன் கேக் வேண்டாமென்றான்?"