மூன்று தசம் நாலு

போயா. கடையெல்லாம் பூட்டு.
ஆகவே எங்கள் நாலாம் மாடிக்கு மவுசு.
வெள்ளவத்தையில், கடல் தெரியாத பக்கம்,
குளியலறைத் தராசின் மேல்
ஒன்பது லீற்றர் கெக்.

முதல் கிளாஸ் எப்போதும் நுரைதான்,
கற்றாழைச் சாடிக்கு ஊற்றினேன்.
இரண்டாவது டெரன்சுக்கு.
"கித்துள் பாணி விட்டனியோ?"
சிரித்து மழுப்பினேன்.
ஐங்கரன் மூன்று, நிரோமி மூன்று,
பிறகு எண்ணவில்லை.

பத்து மணிக்குக் கெக்கின் விலாவில்
சுடுதண்ணி வழியவிட்டு
உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனேன்.
சூடு முடிந்து குளிர் தொடங்குகிற இடம்தான் மட்டம்.
கை சொன்னது, ஒரு விரற்கடை.
தராசு சொன்னது, நாலு தசம் ஆறு.
வெறுங்கெக்கின் நிறை அடியில் மார்க்கரால் எழுதியிருக்கிறது.
கழித்தால் நாலு கிளாஸ்.

தராசை நம்பினேன்.
"முடிஞ்சுது மச்சான்."

பலாப்பழம் வாங்க வந்தவன்போல
டெரன்ஸ் கெக்கைத் தட்டிப் பார்த்தான்,
ஒன்றும் பேசாமல் செருப்பைத் தேடினான்.

கடைசி ரயில் பாணந்துறைப் பக்கம் போனபிறகு
கிளாஸைச் சரித்துப் பிடித்தேன்.
ஒரு மிடறு, கலங்கலாய்.
குழாய் தும்மியது.
காஸ் சீறி, விரலெல்லாம் நுரை.

குழாயும் ரெகுலேட்டரும்
ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும்.
அதைக் கழிக்கவேயில்லை.

வடிவாய்க் கணக்குப் பார்த்து
மூன்று பேரைப் படியிறக்கியிருக்கிறேன்,
ஒரு குழாயின் பாரத்துக்கு.

போன் மினுங்கியது. டெரன்ஸ்.
"மிச்சம் எப்பிடி?"

மண்டி கழுவ
இன்னொரு கேத்தில் தண்ணி வைத்தேன்.