காபி போடத் தெரியும்

மைனாட்டில் பனி ஜன்னலின் பாதிவரை ஏறிய அன்று
மாநில அலுவலகத்திலிருந்து வெர்னா ஹாகன் வந்தாள்,
என் உடம்பை நிமிஷக் கணக்காக எழுதிக்கொண்டு போக.

குளிக்க இருபது. உடுத்தப் பதினைந்து.
சாக்ஸ் தனியா, சேர்த்தா?
சேர்த்துத்தான் என்றாள்.
படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஐந்து.
(கோலீனின் இடுப்பைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.)
அழுவதற்கு, அல்லது சும்மா வெளியே பார்ப்பதற்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

பேனா உறைந்து எழுத மறுத்தது.
விரல்களை ஊதி ஊதித் தேய்த்தாள், பாவம்.
வந்தவளுக்கு ஒரு வாய் சூடாகக் கொடுக்காமல் எப்படி?
மடியில் டப்பாவை இடுக்கி
மூடியைப் பல்லால் திருகி
இடது கையாலேயே
போட்டேன்.
இரண்டு சர்க்கரை. நன்றாயிருக்கிறது என்றாள்.
அவள் கார் போன பிறகு பிடித்துக்கொண்ட தோள்
மறுநாள் மதியம்வரை விடவில்லை.

மார்ச்சில் கடிதம்.
வாரம் முப்பத்தொரு மணி நேரம்
இனி இருபத்தாறு.
காரணம், ஏழாம் பத்தி:
"பயனாளி சூடான பானங்களைத்
தாமே தயாரிக்க வல்லவர்."

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.
நான் சொல்லச் சொல்லக் கோலீன் தட்டுகிறாள்,
ஒரு கண் கடிகாரத்தில்.
அந்தக் காபிக்கு ஆன நாற்பத்திரண்டு நிமிஷத்தையும்
தயவுசெய்து கணக்கில் சேர்க்கவும்.

போதும், நிறுத்து என்றாள்.
இல்லை, இன்னும் ஒரு வரி போடு:
வெர்னாவின் வலதுகைக் கையுறை
என் மேஜைக்கடியில் கிடக்கிறது.
வந்து எடுத்துக்கொள்ளட்டும்.
காபி இந்தத் தடவை அவள் போடட்டும்,
எனக்கும் சேர்த்து.