இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகிறேன்

உங்கள் பெயரை இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.
திங்கட்கிழமை நரின் நகரிலிருந்து
மினிபஸ்ஸில் வருவீர்களாம்.
ஜன்னலோரம் உட்காருங்கள், கணவாயில் குமட்டும்.

எனக்கு எட்டாம் மாதம்.
கரும்பலகைக்கும் எனக்கும் நடுவே
ஓர் ஆள் வந்து நின்றுகொண்டதில்
கை எட்டவில்லை.
ஐந்தாம் வகுப்பு இனி உங்களுடையது.

பெரிய அனுபவம் என்று நினைத்துவிடாதீர்கள்.
ஒரு வருடமும் இரண்டு மாதமும், அவ்வளவுதான்.
முதல் மாதம் முழுக்க
வரைபட அறையில்
சுருட்டி நிறுத்திய ஆப்பிரிக்காவுக்குப் பின்னால்
அழுதிருக்கிறேன்.
அங்கே ஓர் ஆணி இருக்கிறது. கோட்டை மாட்டிக்கொள்ளலாம்.

முதலில் அடுப்பு.
காலை ஆறுக்கே சுயுன்பெக் நிலக்கரி போட்டுவிடுவார்.
வடகாற்று அடித்தால் புகை உள்ளே திரும்பும்.
இரண்டாம் ஜன்னலைத் திறங்கள்,
முதலாவது கையோடு வந்துவிடும்.
பிள்ளைகள் இருமினால் குறும்பு என்று எண்ணாதீர்கள்.
நான் எண்ணினேன்.

அசன், உசோன் இரட்டையர்.
முகத்தைப் பார்த்துப் பயனில்லை.
தப்பை அழிப்பவன் அசன்,
அடித்துவிட்டு மேலே எழுதுபவன் உசோன்.

கத்தாதீர்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை.
போன நவம்பரில் கத்திக் கத்தித் தொண்டை போய்
நான்கு நாள் கிசுகிசுப்பிலேயே பாடம் நடத்தினேன்.
அந்த நான்கு நாள்தான்
வகுப்பு எனக்குக் காது கொடுத்தது.
குரல் திரும்பியதும் மறுபடி கத்தினேன்,
அது வேறு கதை.

பெகயிமிடம் கேள்வி கேட்டால்
மனசுக்குள் ஏழு வரை எண்ணுங்கள்.
நான் எப்போதும் மூன்றிலேயே அடுத்தவளிடம் போய்விடுவேன்.
ஏழில் பதில் வரும்.
சில நாள் வராது;
அன்றைக்கு எட்டை எண்ண வேண்டாம்.

மார்ச்சில் திலெக் முதல் வகுப்பிலேயே தூங்குவான்.
தண்டனையென்று சுவரோரம் நிறுத்தினேன்.
நின்றபடியே தூங்கினான்.
ஆடுகள் ஈனும் காலம் அது,
இரவு முழுக்கத் தொழுவத்தில் விளக்குப் பிடித்திருக்கிறான்
என்று எனக்கு ஏப்ரலில்தான் தெரிந்தது.
பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.
எழுந்ததும் கேளுங்கள், எத்தனை குட்டி, எத்தனை தங்கவில்லை என்று.
நாற்பத்தெட்டில் மூன்று என்றான்.
பின்னத்தை அதில் தொடங்கினேன்.
பதினாறில் ஒன்று என்று அவனே சுருக்கினான்.
சுருக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
இதற்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் குறிப்பு தரவில்லை.

ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று
பலகையில் நானே எழுதியிருக்கிறேன், பெரிதாக.
இருபத்தாறு பேரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.
எனக்குப் பயமாகிவிட்டது.
அடுத்த நாள், என் தப்பைக் கண்டுபிடிப்பவருக்கு
ஒரு ஆப்பிள் என்று அறிவித்தேன்.
இப்போது வாரத்துக்கு இரண்டு கிலோ ஆகிறது.
பாதி தப்பு வேண்டுமென்றே செய்தவை.
அதை அவர்கள் நம்புவதில்லை.

மாவட்ட ஆய்வாளர் பின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவார்.
அவர் பேனாவைப் பார்க்காதீர்கள்.
ஒருமுறை எட்டிப் பார்த்தேன்,
வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல்.

வெள்ளிக்கிழமை நோட்டுகளை வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள்.
நான் கொண்டுபோனதில் ஆறை எங்கள் கன்று மென்றது.
விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்,
அதில் ஒரு எழுத்துப் பிழையைத் தலைமையாசிரியை
சிவப்பில் சுழித்துத் திருப்பித் தந்தார்.

சம்பளம் தாமதமாகும்.
அஸிபாவின் கடையில் கணக்கு வைக்கலாம், முகம் சுளிக்க மாட்டாள்.
அவள் மகன் மூன்றாம் பெஞ்சில் இருக்கிறான்,
அதற்காக மதிப்பெண் கூட்டிப் போட வேண்டாம்,
அவளே வந்து சண்டை போடுவாள்.

உங்கள் முதல் நாள் மோசமாகத்தான் போகும்.
பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?
அன்றிரவு மினிபஸ் நேரத்தை விசாரிப்பீர்கள்.
காலை ஏழு பத்துக்கு ஒன்று உண்டு.
வகுப்பு எட்டு மணிக்கு.
செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நீங்கள் கதவைத் திறந்தால்
எல்லோரும் எழுந்து நிற்பார்கள்,
பெகயிம் உட்பட.

சாவி கதவுச் சட்டத்தின் மேல்.
வெள்ளை சாக்பீஸ் பெட்டி நிறைய இருக்கிறது.
மஞ்சள் ஒன்றே ஒன்று.
நல்ல நாள் வரட்டும் என்று எடுத்து வைத்தேன்,
பதினான்கு மாதம் அப்படியே கிடக்கிறது.
நீங்கள் திங்கட்கிழமையே எடுத்துவிடுங்கள்.