ஆறு மூலை

போன மாதம் உங்களிடம் ஆயிரத்தெண்ணூறு வாங்கினேன்.
சென்சார்தான் என்றேன்.
இந்த வண்டிக்கு அது அடிக்கடி போகும் என்றும் சொன்னேன்,
அடிக்கடி பார்த்தவன் மாதிரி.

அம்மாபேட்டை தாண்டி, வைக்கோல் லாரிக்குப் பின்னால்
ஊர்ந்துகொண்டிருந்தபோது
மறுபடி எரிந்ததாம் அந்தச் சிவப்பு எண்ணெய்க் குவளை.
முடுக்கினால் அணையும். காலை எடுத்தால் எரியும்.
"கூத்தாநல்லூர் வரைக்கும் ஓட்டிரலாம்" என்றாராம் மச்சான்.
நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு
வெயிலில் இறங்கி நின்றீர்கள், மெஹர்பானு.
எஞ்சின் பிழைத்தது அந்த இடத்தில்.
என் பட்டறையில் இல்லை.

கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியில்
சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில்
முள் வைத்த மீட்டரை மாட்டினேன்.
போன மாதமே செய்திருக்க வேண்டியது,
பத்து நிமிட வேலை.
குளிர்ந்த எஞ்சினில் முள் நன்றாகவே ஏறியது.
எனக்கே ஒரு நொடி நிம்மதி.
டீ வரும்வரை ஓடவிட்டேன்.
சூடேறச் சூடேற முள் இறங்கியது,
முறை வைத்து விட்ட வாய்க்காலில்
நாலாம் நாள் தண்ணீர் போல.
அரைக்கும் கீழே.
முடுக்கினேன். ஒரு துள்ளு.
திரும்பப் படுத்துக்கொண்டது.

தொட்டியை இறக்கினால்
எண்ணெயில் மினுமினுவென்று தூள்.
பம்பைப் பிரித்து உள்ளிருந்து உருவினேன்
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கம்பி.
ஒரு முனை பல்சக்கரத்துக்குள், மறுமுனை பம்புக்குள்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

உங்கள் உள்ளங்கையில் வைத்தேன்.
வங்கியில் நோட்டைத் தடவும் கட்டைவிரலால் தடவினீர்கள்.
"எத்தன மூல இருக்கணும்?"
"ஆறு."
ஒரு முனையில் ஆறும் இருந்தன.
மறுமுனையில் நாலு என்றால் நாலு,
வட்டம் என்றால் வட்டம்.
"ஷட்டர் கைப்பிடி சுத்துது, பலக ஏறல" என்றீர்கள்.
அரைமணி நேரம் விளக்கத் தயாராயிருந்தேன்,
வாயை மூடிக்கொண்டேன்.
தொட்டி நிறைய எண்ணெய் கிடக்க
மேலே கடைமடை காய்ந்துகொண்டிருந்தது.

கம்பி மட்டும் மாற்றினால் போதும் என்றார் கோவைக் கடைக்காரர்,
ஆயிரத்துச் சொச்சம்.
பல்சக்கரத்தின் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.
அங்கேயும் மூலை மழுங்கியிருந்தது.
தேய்ந்த துளையில் புதுக் கம்பி
இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர்
பொய் சொல்லும்.
இரண்டையும் வரவழைத்தேன். கொஞ்சம் நீளம் கூடிய கம்பி,
துளைக்குள் ஆழமாய்ப் பிடிக்கிற வகை.
பார்சல் பஸ் மன்னார்குடியில் இறக்கிப் போட்டது,
விடியற்காலை நாலரைக்கு.

பழைய பசையைச் சுரண்டவே ஒரு பகல் போனது.
டீசல் இணைப்பைப் பிடுங்கிவிட்டு
வெறுமனே சுற்றவிட்டேன் மூன்று தடவை,
முள் எழும்வரை.
பிறகுதான் உயிர் கொடுத்தேன்.
ஒரு மணி நேரம் கழித்து, கை வைக்க முடியாத சூட்டில்
ஒன்றரையில் நின்றது.
மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.
நின்றது.

பில்லில் ஆயிரத்தெண்ணூறைக் கழித்திருந்தேன்.
அதைப் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை.
"மறுபடி எப்போ?"
"எண்பதாயிரத்துல தொட்டிய இறக்கிப் பாக்கணும்.
எங்கிட்டதான்னு இல்ல."
கதவு விளிம்பில் கிலோமீட்டரை எழுதச் சொன்னீர்கள்.
வெள்ளை மார்க்கரால் எழுதினேன்.
தேய்ந்த கம்பியையும் கேட்டு வாங்கி
கைப்பைக்குள் போட்டுக்கொண்டீர்கள்.

ராத்திரி, கைகூடக் கழுவாமல்
பழைய பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
இதே எஞ்சின், இதே விளக்கு,
இன்னும் இரண்டு பேர்.
வலங்கைமான் பக்கிரிசாமி எடுத்தார்.
வண்டியை எடுக்காதீங்க என்றேன்.
"சென்சாருன்னு நீங்கதானே..."
"ஆமா."
மற்றவர் சவரிராசு,
வேளாங்கண்ணிக்கு ஆள் ஏற்றுகிறவர்.
சுவிட்ச் ஆஃப்.
மறுபடி போட்டேன்.