கேட் போட்டாச்சு

திருவாரூர் கோர்ட்டில் கையெழுத்து முடிந்ததும்
உத்திராபதி வண்டியை உதைத்துக் கிளம்பினான்.
அவன் தங்கை பின்னால் ஏறவில்லை.
"நீ போ. நான் அண்ணியோட பஸ்ல வர்றேன்."
இனி நான் அண்ணி இல்லை என்று
பத்து நிமிஷம் முன்னால்தான்
முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள்.

தையல்நாயகி.
இருபது வருஷமாக எனக்கு அவளைப் பிடிக்காது.
பிள்ளை பார்க்க வந்தவள்
தொட்டில் சேலை என்ன விலை என்று முதலில் கேட்டாள்.
அவசரமென்று என் வளையல் ஜோடியை வாங்கிப்போய்
மூன்று தீபாவளி கழித்து ஒன்றைத் தந்தாள்.
இன்னொன்றை நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை,
அப்படியே ஒரு குடும்பம் ஓடியது.

கொரடாச்சேரி வரைக்கும் பேச்சில்லை.
வெளியே வாய்க்காலில் புதுத்தண்ணீர்
போன வருஷத்துக் குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தது.
இடுப்பிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள்.
பழைய மருந்துச்சீட்டில் சுற்றிய வளையல்.
"எப்பவோ மூட்டுட்டேன். உங்கிட்ட தந்தா
அவன் இதையும் சீட்டுல விட்டிருப்பான்."
மற்றது அப்படித்தான் போனது.
உண்மையோ, பஸ்ஸில் தோன்றியதோ.
எடை சரியாக இருந்தது.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னால் போய், நின்று,
யோசித்து, பின்னால் வந்தது,
பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாத வீட்டார் மாதிரி.
வேளாங்கண்ணி வேன், வைக்கோல் லாரி,
துக்கத்துக்குப் போகும் மாலையோடு ஒரு கார்.
தையலு படியில் நின்று எண்ணினாள்.
"எண்பத்தி மூணு வண்டி, அண்ணி.
ஒருத்தன் டீ விக்கல."

வளையல் அதே அடகுக்கடைக்குத் திரும்பிப் போனது.
தள்ளுவண்டி, இரட்டை அடுப்பு, நாலு டஜன் கிளாஸ்.
திருப்பூர் போன அவள் புருஷன்
ஆறு வருஷமாக பனியன் மட்டும் அனுப்புகிறான்,
அதில்தான் அடுப்புத் துடைக்கிறோம்.
முதல் மாதம் மூன்று முறை பேசாமல் இருந்தோம்.
இரண்டு முறை சர்க்கரைக்காக,
ஒரு முறை அவள் அண்ணனை நான் சொன்ன வார்த்தைக்காக.
பேசாத நாளிலும் கிளாஸ் கை மாறியது.

ஆத்தூரிலிருந்து அறுப்பு மெஷினோடு வரும் பையன்கள்
அவள் கூப்பிடுவதைக் கேட்டு
"அண்ணி, ரெண்டு ஸ்ட்ராங்" என்கிறார்கள்.
ரிட்டயராகப் போகும் கேட்கீப்பரும் அண்ணி என்கிறார்.
கோர்ட் காகிதத்தின் நகல்
மிக்சர் டப்பாவுக்கு அடியில் எண்ணெய் குடித்துக் கிடக்கிறது.

கார்குழலி அப்பாவோடுதான் இருக்கிறாள்.
அங்கே வைஃபை இருக்கிறது.
இங்கே உரக்கடை மாடியில் ஒரே ரூம்,
தலையணை வரைக்கும் பூச்சிமருந்து வாசம்.
அவள் காலேஜ் பஸ் தினமும் எங்கள் எதிரே நிற்கும்.
அவள் போனைப் பார்ப்பாள்.
நான் கிளாஸைப் பார்ப்பேன்.
ஒரு மழை நாள். கூட்டம். தையலுக்குக் காய்ச்சல்.
பக்கத்தில் யாரோ கிளாஸ் அலசும் சத்தம்.
ஐடி கார்டை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்
குனிந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.
பதினேழு கிளாஸ்.
கேட் தூக்கியதும் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.
மறுநாள் போனைத்தான் பார்த்தாள்.
பரவாயில்லை.

போன வாரம் உத்திராபதியும் கேட்டில் மாட்டினான்.
தையலு ஆற்றி நீட்டினாள்.
"சில்லறை இல்ல" என்றான், பழைய பழக்கம்.
அவள் ஸ்கேன் அட்டையைத் திருப்பி வைத்தாள்.
என் பெயர், என் அப்பா இனிஷியலோடு.
டப்பா ஊருக்கே கேட்கச் சொன்னது:
பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது.
ஒரு லாரிக்காரர் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

மேம்பாலம் வரப்போகிறதாம்.
தூண் எங்கே விழும், வண்டியை எங்கே நகர்த்தலாம் என்று
சாக்பீஸால் ரோட்டில் கோடு போட்டுப் பார்க்கிறாள்.
"நிழல் நம்ம பக்கம்தான் விழும், அண்ணி."
எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.
மணி அடிக்கிறது.
பால் பாத்திரத்தை ஏற்றுகிறேன்.