பச்சை என்றால் காய்

இருநூற்றுப் பன்னிரண்டு.
செயலி மஞ்சள் வட்டம் காட்டியது.
சாலம்மா முகம் மலர்ந்தது:
"பதமா இருக்குது."

அதுவரை எனக்கு ஒரு குறையுமில்லை.
காவேரிப்பட்டணத்துக்கு வெளியே
மாங்கூழ் ஆலையின் சைக்கிள் கொட்டகையில்
ஈ மொய்க்கும் மடிக்கணினியோடு உட்கார்ந்து
பதிப்பு ஏழைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.
எழுத்து வேண்டாம், நிறம் போதும்
என்று சொன்னவள் நான்தான்.
பச்சை நலம், மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து.
பெங்களூரின் குளிரூட்டிய அறையில்
ஒன்பது தலைகள் ஆடிய முடிவு அது.
சிக்னல் பார்க்காத மனுஷர் உண்டா என்றுகூடக் கேட்டேன்.

சாலம்மா ஊரில் சிக்னல் கிடையாது,
சாலைக்கும் சரி, போனுக்கும் சரி.

பதினாலு சீசனாக
ஓடும் பெல்ட்டின் ஓரம் நின்று
பெங்களூரா மாங்காய் பிரிக்கிற கை.
பச்சை என்றால் காய்: எடுத்துப் போடு, இன்னும் பழுக்கட்டும்.
மஞ்சள் என்றால் பதம்: உள்ளே விடு.
மூன்று வாரமாக மஞ்சள் வர வர
நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.
ஒரேயொரு நாள் பச்சை வந்ததாம்.
பயந்துபோய்
ரெண்டு கீற்று கூடுதலாகத் தின்றாராம்,
சீக்கிரம் பழுக்கட்டும் என்று.

நான் சிரிக்கவில்லை.
சிரிக்க வந்தது. அது வேறு.

போனும் அவருடையதில்லை.
மகன் மாதேஷ் ராத்திரி ஷிஃப்டுக்கு ஓசூர் போனால்
அதுவும் பஸ் ஏறிவிடும்.
எட்டு மணி மாத்திரைக்கு
அறுபது கிலோமீட்டர் தள்ளி
அவன் சட்டைப்பையில் மணி அடிக்கும்.
"சூப்பர்வைசர் முறைப்பாருக்கா. ஆஃப் பண்ணிடுவேன்."
கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்:
"பண்ணிட்டு, பக்கத்து வீட்டு முனிலட்சுமிக்கு
ஒரு மிஸ்டுகால் குடுப்பேன்.
அவங்க சுவத்தைத் தட்டுவாங்க.
அம்மா போட்டுக்கும்."

எங்கள் கணக்கில் அந்த இருபத்தொரு இரவும்
'தவறவிட்டார்' என்றே பதிவாகியிருந்தன.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சோகமான பொம்மை முகம்.
அந்த முகத்தை வரைந்ததற்கு
தனியாகப் பணம் கொடுத்திருந்தோம்.

கேட்டேன்:
அப்போ, கெட்டதுக்கு என்ன நிறம் வைக்கலாம்?
சாலம்மா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
கழிவுக் கூடைக்குள் துழாவி
காம்புப் பக்கம் கறுத்துப்போன ஒன்றை எடுத்து
என் மடிக்கணினி மேல் வைத்தார்.
"இது."
விசைப்பலகையில் பால் வடிந்தது.

நல்லதுக்கு?

வெகுநேரம் பெல்ட்டையே பார்த்தார்.
"நல்லதுக்கு எதுக்கு நெறம்?
நல்லா இருந்தா பேசாம இருக்கட்டும்.
எந்நேரமும் ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருந்தா
யாருக்குத்தான் பிடிக்கும்?"

சங்கு ஊதியது. உள்ளே போய்விட்டார்.
ஒரு வார்த்தை முறைக்காகவாவது
நன்றி சொல்ல எழுந்தேன்,
அதற்குள் கையுறை மாட்டிய முப்பது கைகளில்
எது அவருடையது என்று தெரியவில்லை.

பதிப்பு எட்டில்
கறுப்புப் புள்ளி கொண்ட மாம்பழம் இருக்கிறது.
அளவு சரியாக இருந்தால்
திரையில் எதுவும் வராது.
பெங்களூரிலிருந்து உடனே கேட்டார்கள்:
காலியாக இருக்கிறதே, பிழையா?

பதில் அனுப்பவில்லை இன்னும்.
முனிலட்சுமி சுவரைத் தட்டுகிற சத்தத்தை
எந்தக் கட்டத்தில் போடுவது
என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.