உத்தேசக் கடிதம்

ஜனவரியில், கூரைப்பனி சொட்டத் தொடங்கும்போது
ரினோ அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.
ஐயா அல்லது அம்மணி,
இந்த ஆண்டு நாங்கள் பறக்க உத்தேசித்துள்ள இடங்களாவன.

எஞ்சின் இல்லாத வண்டி.
போலந்தில் செய்தது, என்னைவிட நான்கு வயது இளையது.
காற்று விட்ட வழி.
அதற்கும் ஓர் உத்தேசம் வேண்டுமாம்,
வரைபடத்தில் ஒரு வட்டம், நடுவே எங்கள் ஓடுபாதை.
வீட்டில் காம்பஸ் கிடையாது.
சூப் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து
லெஸ்டர் பிங்கம் பென்சிலால் சுற்றி வருவான்.

லெஸ்டர் இடது பாதிக்குச் சொந்தக்காரன்.
வலது பாதி நான்.
பதிவுச் சீட்டில் அப்படி இல்லை,
சண்டை வரும்போது மட்டும் அப்படி.

வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது.
இருட்டியபின் கூடாது.
ஏறுகிற இடத்தில், கண்ணில் படும்படி
இரண்டங்குல எழுத்தில் 'சோதனை' என்று இருக்க வேண்டும்.
பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து
'பத்திரமாக இயங்கும் நிலையில் உள்ளது' என்று
மெக்கானிக் எழுத வேண்டும், அதே வார்த்தைகளில்.
ஒரு வார்த்தை பிசகினாலும் சிறகு ஒடிந்துவிடும் போல.

பதில் வராது.
ஒன்பது வருடமாய்க் கிணற்றில் போட்ட கல்.
திட்டாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஜூலை பத்தொன்பது.
மலைமுகட்டில் ஒரு மேகம் அடிவயிறு கறுத்து அழைத்தது.
போய்ச் சேர்ந்தபோது
அது வேறு யாரையோ அழைத்துக்கொண்டிருந்தது.
இரண்டாயிரம் அடி. ஆயிரத்து இருநூறு.
செம்மறிப் பட்டி, கம்பிவேலி, மின்கம்பி,
பிறகு பச்சையாய் ஒரே ஒரு சதுரம்.
முழங்கால் உயரத் தீவனப்புல்லில் உட்கார்ந்தேன்.
தண்ணீர் தெளிப்பான் ஒன்று சாவகாசமாய்த் திரும்பி வந்து
என்னை நனைத்துவிட்டுப் போனது.

வயல்காரர் எச்செவெரி
தொப்பியைக் கழற்றாமல், எழுத்துக் கூட்டிப் படித்தார்.
"என்ன சோதனை?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
"அது ஒரு பெட்டி" என்றேன்,
"மற்ற பெட்டிகளில் அடங்காததைப் போட்டுவைக்க."
தலையாட்டினார். அவர் வீட்டிலும் இருக்குமாம் அப்படி ஒன்று.

விமானம் விழுந்தது என்று
சாலையில் போன யாரோ சொல்லிவிட்டார்கள்.
பொழுது சாய, டெபுடி ஷெரிப் ரோண்டா கில்கி வந்தாள்.
"வில்மா டெகிராஃப்? காகிதங்கள்?"
பறந்ததும் சோதனை, அவள் வந்ததும் சோதனை,
காலுறைக்குள் ஏறிய எறும்புகளும் சோதனைதான்.
இருக்கைக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை.
நான்கு பக்கம். டார்ச் வெளிச்சத்தில் உதடசைத்துப் படித்தாள்.
இதற்குமுன் யாருமே முழுக்கப் படித்ததில்லை,
நான் உட்பட.

"பந்தயம், பயிற்சி, கண்காட்சி மட்டும் என்று போட்டிருக்கிறதே.
இது எது?"

நான் வாயைத் திறக்குமுன்
எச்செவெரி திரும்பிப் பார்த்தார்.
அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், இரண்டு நாய்கள்,
பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வந்த ஆறு பிக்கப் வண்டிகள்,
எல்லா முகப்பு விளக்கும் எங்கள் வெள்ளைச் சிறகின்மேல்.
"கண்காட்சி" என்றார்.

வட்டத்துக்குள்ளா என்பதுதான் மிச்சம்.
வரைபடத்தை காரின் முன்மூடியில் விரித்தோம்.
கிண்ணத்தின் விளிம்பு அவர் வயலின்மேலேயே ஓடியது.
வீடு உள்ளே, கொட்டகை வெளியே,
பென்சில் கோட்டின் தடிமனோ நான்கு மைல்.
ரோண்டா வெகுநேரம் பார்த்தாள்.
"கோட்டுக்குள்ளே இருக்கிறாய்" என்றாள்,
கோட்டுக்கு உள்பக்கமா, அந்தத் தடிமனுக்குள்ளேயா
என்று நான் கேட்கவில்லை.

டிரெய்லரோடு லெஸ்டர் வந்தபோது மணி ஒன்று.
"என் பாதிக்கு ஒன்றும் ஆகலையே?"

மறுபடி ஜனவரி. ஐயா அல்லது அம்மணி.
இந்த முறை வேறு கிண்ணம்,
அன்றிரவு எச்செவெரியின் மனைவி
ஆட்டுக்கறிக் குழம்போடு கொடுத்தனுப்பியது.
பழையதைவிட அரை அங்குலம் அகலம்.
திருப்பித் தர வேண்டும்.
அதையும் உத்தேசத்தில் எழுதலாமா என்று கேட்டால்
லெஸ்டர் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறான்.